நால்வகைப் பூவும் திருநந்தவனமும்

திருக்கோயில் என்று சொன்ன அளவிலே நம் மனக்கண்முன் எழுந்து நிற்பவை இராசகோபுரமும், விமானமும், திருக்குளமும், தேரும் ஆகும். இவற்றோடு ஒருங்கு வைத்து எண்ணத்தக்க மற்றோர் உறுப்பும் உண்டு. அதுவே திருநந்தவனம். கோபுரம் கல்லாலும் சுதையாலும் ஆயது. ஒருமுறை எழுப்பினால் பல தலைமுறை நிற்பது. நந்தவனமோ உயிருள்ள உறுப்பு. கோடையில் பத்து நாள் நீர் விடாது போனால் வாடும். ஓராண்டு கவனியாது விட்டால் புதராகும். பத்தாண்டு மறந்தால், அவ்விடத்தே நந்தவனம் இருந்தது என்பதையே ஊரார் மறந்துவிடுவர். கும்பாபிஷேகத் திருப்பணிக்காலத்தில் கோபுரத்துக்கு வண்ணம் தீட்டவும், பிராகாரத்துக்குக் கல் பதிக்கவும் பொருள் உதவ முன்வரும் அன்பர் பலர். நந்தவனத்துக்கென்று கொடுப்போர் மிகச் சிலரே. ஆதலின் அதன் வரலாற்றையும், அதில் எப்பூச்செடிகளைத் தேர்ந்து நட்டு வளர்த்தனர் நம் முன்னோர் என்பதையும் இங்கே சிறிது ஆராய்வோம்.

சங்க நூலாகிய குறிஞ்சிப்பாட்டில் கபிலர் தொண்ணூற்றொன்பது பூக்களை வரிசையாகக் கூறியுள்ளார் என்பது தமிழன்பர் அனைவரும் அறிந்ததே. அவ்வரிசையைப் பூசைக்கு மலர் பறிப்பவர் ஒருவர் படித்தால் அவருக்குப் பழகிய முகங்கள் பல தென்படும். நந்தி என்று அங்கே கூறப்பெற்றது நந்தியாவட்டை. வகுளம் என்பது மகிழம்பூ. சேடல் என்பது பவளமல்லி. கருவிளை என்பது நீலச் சங்குப்பூ. துழாய், தும்பை, பூளை, முல்லை, கொன்றை, புன்னை, சண்பகம், தாமரை ஆகியவற்றுக்கு உரையே வேண்டுவதில்லை. மலைச்சாரலிலும் கழிக்கரையிலும் தாமே மலர்ந்து நின்ற இப்பூக்களுள் சிலவற்றைத் தேர்ந்தெடுத்து, மதிலுக்குள் கொண்டு வந்து, நீர் வார்த்து, வேலியிட்டு வளர்த்ததே நந்தவனத்தின் தொடக்கம் எனலாம்.

அவ்வாறு தேர்ந்தெடுப்பதற்கு ஒரு முறை வேண்டுமன்றோ? அம்முறையை நமக்கு வைத்துச் சென்றவர் திருப்புகலூர் முருக நாயனார். பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் பெருமான் அருளிய பெரியபுராணத்தில் அவர் வரலாறு வருகின்றது. சில பாடல்களால் ஆய சிறு புராணமே அது. ஆயினும் தோட்டக்கலை பயில்வார்க்கு அதனினும் சிறந்த பாடம் இல்லை. நாயனார் விடியுமுன் எழுந்து நீராடிச் சென்று கோட்டுப்பூ, கொடிப்பூ, நீர்ப்பூ, நிலப்பூ என்னும் நால்வகைப் பூவையும் வெவ்வேறு கூடைகளில் பறிப்பார். பின்னர் அவற்றை இண்டை, கண்ணி, கோவை, பிணையல், தொடையல் என வகைவகையாகத் தொடுத்துக் காலந்தோறும் பெருமானுக்குச் சார்த்துவார். அவர் திருமடத்தில் திருஞானசம்பந்தரும் திருநாவுக்கரசரும் தங்கியிருந்தனர் என்றால் அப்பணியின் பெருமையைத் தனியே கூறவும் வேண்டுமோ? பின்னர்ச் சம்பந்தர் திருமணத்தில் சோதியிற் கலந்தோருள் அவரும் ஒருவர்.

நால்வகைப் பூ என்னும் இப்பகுப்பைப் பலரும் புலவர் வருணனை என்று எண்ணி மேலே படித்துச் செல்வர். நம் கருத்து வேறு. அது ஒரு நந்தவனத்தின் வரைபடம். கோடு என்பது மரக்கிளை. எனவே கோட்டுப்பூ மேலே நிற்கும் மரங்களிலும் கிளைத்த செடிகளிலும் மலர்வது. கொடிப்பூ பந்தரிலும் வேலியிலும் படர்ந்து மலர்வது. நிலப்பூ காலடியில் தரையை ஒட்டி மலர்வது. நீர்ப்பூ குளத்திலும் ஓடையிலும் மலர்வது. மேல், நடு, கீழ், நீர் என்று ஒரே நிலப்பரப்பை நான்கு அடுக்காகப் பயன்கொள்ளும் முறை இது. இந்நான்கில் ஒன்று குறைந்தாலும் ஆண்டு முழுதும் ஆறு காலப் பூசைக்கும் பூக் கிடைப்பது அரிது. இதனைப் பின்னரும் விளக்குவோம்.

சைவ நூல்கள் சிறப்பாகக் கூறும் அட்டபுட்பமும் இதற்குச் சான்றாகும். புன்னை, வெள்ளெருக்கு, சண்பகம், நந்தியாவட்டம், நீலோற்பலம், பாதிரி, அலரி, செந்தாமரை என்பன அவ்வெட்டு. இவற்றுள் புன்னையும் சண்பகமும் பாதிரியும் மரம். எருக்கும் நந்தியாவட்டமும் அலரியும் செடி. எஞ்சிய இரண்டும் நீரில் வளர்வன. பதினாறாம் நூற்றாண்டில் திருவாரூரில் வாழ்ந்த கமலை ஞானப்பிரகாசர் எம்மலர் எப்போது கொள்ளத்தக்கது, எது விலக்கத்தக்கது என்பதற்கென்றே புட்பவிதி என்னும் தனி நூல் ஒன்று இயற்றினார். இத்துறையில் ஒரு நூல் வேண்டப்பட்டது என்பதே, அக்காலத்து நந்தவனங்கள் எத்துணை வகை மலர்களைப் பெற்றிருந்தன என்பதைக் காட்டும்.

இனி வைணவத் திருமரபை நோக்குவோம். ஸ்ரீவில்லிபுத்தூரில் விஷ்ணுசித்தராகிய பெரியாழ்வார் வடபெருங்கோயிலுடையானுக்கு நந்தவனம் அமைத்து மாலை கட்டியவர். அவர் ஆடிப்பூரத்தன்று துளசிச் செடியின் அடியில் கண்டெடுத்த குழந்தையே ஆண்டாள். திருவரங்கத்தில் விப்பிரநாராயணர் என்னும் தொண்டரடிப்பொடியாழ்வார் நந்தவனம் வைத்துத் துளசியும் மலரும் கொய்து அரங்கனுக்கு அளித்தவர். இன்றும் அவருடைய திருமேனி பூங்குடலையோடுதான் காட்சி தருகின்றது. பன்னிரு ஆழ்வார்களுள் இருவர் தோட்டக்காரர் என்றால் மிகையன்று.

இவ்வழியில் வந்தவருள் நம் உள்ளத்தை மிகவும் உருக்குபவர் அனந்தாழ்வான். திருவேங்கடம் புஷ்ப மண்டபம் என்றும், திருவரங்கம் போக மண்டபம் என்றும், காஞ்சி தியாக மண்டபம் என்றும் பெரியோர் கூறுவர். புஷ்ப மண்டபம் எனப்பெற்ற அம்மலையில் தங்கிப் பூத்தொண்டு செய்ய ஆள் இல்லையே என்று இராமாநுசர் திருவரங்கத்தில் ஒருநாள் வருந்தினாராம். அக்காலத்தில் திருமலை குளிரும் காடும் நிறைந்த இடம். கூடியிருந்த சீடர் அனைவரும் வாளாவிருக்க, அனந்தாழ்வான் ஒருவரே எழுந்தார். மனைவியோடு மலையேறினார். நந்தவனத்துக்கு நீர் வேண்டும் என்று ஏரி ஒன்று தோண்டத் தொடங்கினார். தாம் மண்ணை வெட்டுவார். கருவுற்றிருந்த மனைவியார் கூடையில் சுமந்து சென்று கொட்டுவார். அவர் படும் துன்பம் கண்டு சிறுவன் ஒருவன் வந்து கூடையை வாங்கிச் சுமந்தான். கைங்கரியத்தில் பிறர் பங்கு கொள்வதை விரும்பாத அனந்தாழ்வான் சினங்கொண்டு கையிலிருந்த கடப்பாரையை அவன்மேல் எறிந்தார். அது சிறுவனின் மோவாயில் பட்டது. அவன் ஓடி மறைந்தான். அன்று சந்நிதி திறந்தபோது பெருமானின் திருமோவாயில் குருதி வழிந்தது. பச்சைக் கர்ப்பூரம் வைத்து அதனை நிறுத்தினர் என்பது வரலாறு. இன்றும் வேங்கடவன் திருமோவாயில் அக்கர்ப்பூரத்தைத் தரிசிக்கின்றோம். அக்கடப்பாரையும் கோயில் மகாத்துவாரத்தில் மாட்டப்பெற்றுள்ளது. கோபுர வாயிலில் வாளும் வேலும் மாட்டிய அரசர் உண்டு. மண் வெட்டிய கருவியை மாட்டிய பெருமை அத்திருப்பதிக்கே உரியது.

அனந்தாழ்வான் தம் தோட்டத்துக்கு ஆசாரியர் பெயரையே இட்டு இராமாநுசன் என்று அழைத்தார். பிரமோத்சவம் முடிந்த மறுநாள் பெருமான் அத்தோட்டத்துக்கு எழுந்தருளும் உற்சவம் இன்றும் நடைபெறுகின்றது. பாக் சவாரி என்பது அதன் பெயர். மலர் பறிக்க வந்த இளைஞனைத் திருடன் என்று எண்ணி அனந்தாழ்வான் துரத்த, அவன் இடமாகச் சுற்றி ஓடி மறைந்தான் என்பர். அதனை நினைவூட்டும் வண்ணம் அன்று பெருமான் அப்பிரதட்சிணமாகவே எழுந்தருள்கின்றார்.

பூத்தொண்டைச் சைவப் பெரியோர் எத்துணைக் கடுமையாகப் போற்றினர் என்பதற்கு எறிபத்தர் வரலாறு போதும். கருவூரில் சிவகாமியாண்டார் கொண்டு சென்ற பூங்குடலையைப் பட்டத்து யானை பறித்துச் சிந்தியது. எறிபத்தர் அந்த யானையையும் பாகரையும் மழுவால் வீழ்த்தினார். செய்தி அறிந்து வந்த புகழ்ச்சோழர் தம்மையும் வெட்டுமாறு தம் வாளையே நீட்டினார். ஒரு குடலைப் பூவுக்கு ஒரு யானையா என்று இக்காலத்தார் வினவக்கூடும். விடியுமுன் எழுந்து பூப்பறித்துப் பார்த்தவர் அவ்வாறு வினவார் என்று நினைக்கின்றோம்.

நிற்க. அடியார் தம் உடலுழைப்பால் வளர்த்த நந்தவனங்கள் ஒரு புறம். அரசரும் ஊர்ச்சபையாரும் வணிகரும் அறக்கட்டளை வைத்து நிலைநிறுத்திய நந்தவனங்கள் மற்றொரு புறம். சோழர் காலத்துக் கல்வெட்டுகளில் திருநந்தவனம், திருநந்தவனப்புறம், திருப்பள்ளித்தாமம் என்னும் சொற்கள் மிகப் பயில்கின்றன. திருப்பள்ளித்தாமம் என்பது இறைவனுக்குச் சார்த்தும் மாலை. திருநந்தவனப்புறம் என்பது நந்தவனத்தைப் பேணுவதற்கென்று விடப்பெற்ற நிலம். அதாவது, பூச்செடி நிற்கும் நிலம் வேறு. அச்செடிக்கு நீர் இறைப்பவன் உண்ணுவதற்கு நெல் விளையும் நிலம் வேறு. இரண்டையும் சேர்த்தே அளித்தனர் அக்காலத்து வள்ளல்கள். நந்தவனம் செய்வார்க்கு நாள்தோறும் இத்தனை நெல் என்றும், ஆண்டுக்குப் புடவை முதல் இவ்வளவு என்றும் கல்லில் வெட்டி வைத்தனர். செங்கழுநீர் பயிரிட நீர்நிலை ஒதுக்கியதும் உண்டு.

இக்காலத்தில் நிகழ்வது இதற்கு மறுதலை. விழா நாளன்று நூறு கன்று கொடுப்போர் உண்டு. நட்டுப் படம் எடுத்துக்கொள்வோரும் உண்டு. மறுநாள் முதல் நீர் விடுவானுக்குக் கூலி கொடுப்பார் இல்லை. ஆனி மாதத்தில் நட்ட கன்று ஆவணியில் காய்ந்து நிற்பதற்குக் காரணம் மண்ணின் குற்றமன்று.

அடுத்து, அன்பர் பலர் வினவும் ஐயம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அயல்நாட்டிலிருந்து வந்த பூச்செடிகளைத் திருநந்தவனத்தில் வைக்கலாமா என்பது அது. வினா நல்லதே. ஆனால் வினவுவோர் தம் கையிலுள்ள மாலையை ஒருமுறை உற்று நோக்குதல் வேண்டும். நிலச்சம்பங்கி மெக்சிகோ நாட்டில் பிறந்தது. துலுக்கச் சாமந்தி என்றும் செண்டுமல்லி என்றும் நாம் கூறும் பூவுக்கும் அந்நாடே தாயகம். துலுக்கர்க்கும் அதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை. அங்கு வாழ்ந்த ஆஸ்டெக் மக்களும் அதனைத் தம் தெய்வச் சடங்குகளில் பயன்படுத்தினர் என்பது சுவையான செய்தி. ஈழத்தலரி என்பது பெயரளவில் ஈழத்தது. அதுவும் பொன்னரளியும் அமெரிக்கக் கண்டத்து வெப்ப நாடுகளைச் சேர்ந்தவை. நித்தியகல்யாணி மடகாஸ்கர் தீவினது. சாமந்தி சீன நாட்டில் பண்படுத்தப்பெற்றது. கனகாம்பரம் மட்டும் நம் தென்னாட்டுக்கும் இலங்கைக்கும் சொந்தமானது; ஆயினும் மணமின்மையால் அதனைப் பூசைக்குக் கொள்ளாது ஒதுக்குவாரும் உண்டு.

கொலம்பஸ் 1492இல் அமெரிக்கக் கரையைக் கண்டான். வாஸ்கோ ட காமா 1498இல் கோழிக்கோட்டுக்கு வந்தான். அமெரிக்கப் பூக்கள் நம் நாட்டுக்கு வந்தது அதற்குப் பின்னரே ஆதல் வேண்டும். எனவே முருக நாயனார் நிலச்சம்பங்கியைக் கண்டிரார். பெரியாழ்வார் செண்டுமல்லியைத் தொடுத்திரார். ஓவியர் எவரேனும் ஆழ்வார் நந்தவனத்தில் செண்டுமல்லியைப் பாத்தி பாத்தியாக வரைந்திருப்பின், அது அவர் தம் வீட்டுக் கொல்லையைப் பார்த்து வரைந்தது என்று கொள்க.

ஆயினும் ஆண்டாள் நாச்சியார் திருமாலையை நோக்குங்கள். சித்திரையில் கள்ளழகர் வைகையில் இறங்கும் விழாவுக்கும், புரட்டாசியில் திருவேங்கடவன் கருட சேவைக்கும் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து அம்மாலை செல்கின்றது. துளசியோடு செவ்வந்தியும் சம்பங்கியும் அதில் இடம்பெறுகின்றன. நாச்சியார் திருக்கரத்தில் நாள்தோறும் புதிதாகச் செய்து வைக்கும் கிளியின் உடல் மரவள்ளி இலையால் ஆயது. மூக்கு மாதுளை மொக்கு. மரவள்ளியோ தென்னமெரிக்காவினின்று வந்த செடி. பெருமானும் பிராட்டியும் ஏற்றுக்கொண்டதை நாம் விலக்குதல் எங்ஙனம்? ஆதலின் எந்நாட்டுப் பூ என்பது முதல் வினாவாகாது. மணமும் தூய்மையும் உடையதா, அந்தந்தத் தெய்வத்துக்கு அத்தலத்து வழக்கில் ஏற்புடையதா, பூசைக்கு வேண்டும் பொழுதில் மலர்வதா என்பனவே வினாக்கள். தாழம்பூ நம் நாட்டுப் பூவேயாயினும், அடிமுடி தேடிய வரலாற்றில் பொய்ச்சான்று கூறியதனால் சிவபெருமானுக்கு ஆகாது என்கின்றோம். துளசியைப் பிள்ளையாருக்கு நாள்தோறும் சார்த்துவதில்லை. அவருக்கு அறுகும் எருக்கும் உரியவை.

இம்மூன்று வினாக்களையும் கேட்டுப் பார்த்தால், அண்மைக்காலத்தில் கோயில் வளாகங்களில் பெருகிவரும் அழகுச் செடிகளின் நிலை விளங்கும். காகிதப்பூ எனப்படும் பூகன்வில்லா பிரேசில் நாட்டுக் கொடி. 1766 முதல் 1769 வரை உலகைச் சுற்றி வந்த பூகன்வில் என்னும் பிரெஞ்சுக் கடலோடியின் பெயர் பெற்றது. அதில் நிறத்தோடு தோன்றுவன பூவிதழ்களே அல்ல. பூவைச் சூழ்ந்த இலைகள். உண்மைப் பூ அவற்றின் நடுவே சிறிதாக வெண்ணிறத்தில் இருப்பது. குரோட்டன்ஸ் செடியின் அழகும் இலையழகே. புல்வெளியோ வேனிலில் நீரை வாரிக் குடிக்கும். பூசைக்கு ஒரு பூவும் தாராது. இவற்றை நகரப் பூங்காவில் வைப்பதில் குற்றமில்லை. பறித்துச் சார்த்துதற்கு ஒன்றும் இல்லாத தோட்டத்தை நந்தவனம் என்று அழைப்பதுதான் பொருந்தவில்லை.

ஆறு காலப் பூசைக்கும் மலர் வேண்டும் என்று மேலே கூறினோம். மலர்களும் காலத்தைப் பகுத்துக்கொண்டே மலர்கின்றன. பவளமல்லி இரவில் மலர்ந்து விடியலில் உதிரும். உதிர்ந்த பூவைக் கொள்ளலாகாது என்னும் விதிக்கு விலக்காக அதனையும் மகிழம்பூவையும் கூறுவர். அவை உஷக்காலத்துக்கு உரியவை. தாமரையும் நீலோற்பலமும் காலையில் இதழ் விரிக்கும், செம்பருத்தியும் அவ்வாறே. காலசந்திக்கும் உச்சிக்காலத்துக்கும் அவை உதவும். மல்லிகையும் முல்லையும் மாலையில் அரும்பவிழ்வன. ஆதலின் அதிகாலையில் மொட்டாகப் பறித்துத் தொடுத்து வைத்தால் சாயரட்சையில் சந்நிதியிலேயே மலரும். நிலச்சம்பங்கி இரவில் மணம் மிகும். அர்த்தசாமத்துக்கு அதனினும் ஏற்றது யாது? குறிஞ்சிப்பாட்டில் வரும் நள்ளிருணாறி என்னும் பெயர் இருவாட்சிக்கு உரியது என்பர். நள்ளிரவில் நாறுவது என்னும் பொருளிலேயே பெயர் அமைந்துள்ளது. நாழிகை வட்டில் இல்லாத சிற்றூரிலும் பூவைக் கொண்டே பொழுதை அறிந்திருப்பர் போலும்.

நாட்களைப் போலவே மாதங்களுக்கும் பங்கீடு உண்டு. மல்லிகையைக் கார்த்திகையில் தரையினின்று ஒன்றரை அடி உயரத்தில் கவாத்து செய்தால் பங்குனி தொடங்கிப் பூக்கும். முல்லையையும் பிச்சியையும் தை மாதத்தில் கவாத்து செய்ய வேண்டும். மல்லிகையின் வேகம் தணியும்போது அவை பூத்துக் குலுங்கி ஐப்பசி வரையில் உதவும். மார்கழியிலும் தையிலும் மல்லிகை அருகிச் சந்தையில் அதன் விலை ஏறுவதை அனைவரும் அறிவர். அக்குறையைத் தீர்ப்பது சாமந்தி. பகற்பொழுது சுருங்கும் காலத்தில் அரும்பு வைப்பது அதன் இயல்பு. ஆண்டு முழுதும் சலிப்பின்றிப் பூப்பது நந்தியாவட்டை. ஓரளவு நிழலிலும் வளரும். பாலுள்ள செடியாதலின் ஆடு மாடு கடிப்பதில்லை. ஒரு குச்சியை ஒடித்து நட்டாலே வேர்விடும். புதிதாக நந்தவனம் தொடங்குவோர் முதலில் நடவேண்டிய செடி அதுவே என்பது எமது துணிபு. துளசியைப் பொறுத்தவரை, கதிர்களை அவ்வப்போது கிள்ளிவிட்டால் செடி நெடுநாள் தழைக்கும். கதிர் முற்றி விதை விழ விட்டால் விரைவில் மூப்படையும். நாள்தோறும் அர்ச்சனைக்குக் கிள்ளுவதே அதற்கு நல்ல பராமரிப்பு.

அரளியைப் பற்றி ஓர் எச்சரிக்கை கூறவேண்டும். வெயிலையும் வறட்சியையும் தாங்கிச் செழிக்கும் செடி அது, அட்டபுட்பத்துள் ஒன்று. எனினும் வேர் முதல் பூ வரை அனைத்தும் நஞ்சு. பொன்னரளியும் அத்தகையதே, அதன் விதை மிகக் கொடியது. 2024ஆம் ஆண்டு மே மாதத்தில் திருவிதாங்கூர் தேவஸ்வம் வாரியம் நிவேதனத்திலும் பிரசாதத்திலும் அரளிப்பூ சேர்ப்பதை நிறுத்தியது. மாலையாகச் சார்த்துவதற்குத் தடையில்லை. உண்ணும் பிரசாதத்தோடு கலவாமல் காத்தல் நம் கோயில்களிலும் கடமையாகும்.

இனி நால்வகையுள் யாவரும் மறந்துவிட்ட நிலப்பூவுக்கு வருவோம். தற்கால நந்தவனங்களில் செடிக்கும் செடிக்கும் இடையே உள்ள தரையைச் சுரண்டி வெறுமையாக வைத்திருப்பதையே தூய்மை என்று கருதுகின்றனர். சித்திரை வெயிலில் அத்தரை வெடிக்கும். காலையில் விட்ட நீர் மாலைக்குள் ஆவியாகும். ஐப்பசி மழையில் மேல்மண் கரைந்து ஓடும். வெறுந்தரையை நாம் விட்டுவைத்தால் கோரை வந்து குடியேறும். அதன் கிழங்கை வேரோடு களைவது எளிதன்று. அப்பர் பெருமான் திருக்கரத்தில் ஏந்திய உழவாரம் புல்லும் பூண்டும் செதுக்கும் கருவியே. திருமுற்றத்திலும் திருவீதியிலும் அவர் செய்த பணி அது. நடைவழியில் புல் ஆகாது. நந்தவனத்திலோ நாமே தேர்ந்தெடுத்த சிறு பூண்டுகள் தரையை மூடுதல் வேண்டும்.

அதற்கு ஏற்றவை நம் மண்ணிலேயே பல உள்ளன. விஷ்ணுகிரந்தி வறண்ட, கெட்டியான தரையிலும் படரும். காலையில் நீலச் சிறு பூக்களை விரித்து நண்பகலில் மூடிக்கொள்ளும். வெயில் படும் பாத்தி ஓரங்களுக்கு அது தக்கது. ஈரம் தங்கும் வாய்க்கால் ஓரத்துக்குப் பொடுதலை நன்று. கணுத்தோறும் வேரூன்றிப் பாய் விரித்தாற்போலப் பரவும். ஓரளவு கால் மிதியும் தாங்கும். கிணற்றடி நிழலில் வல்லாரை தானே தழைக்கும். மழை கண்டவுடன் முளைத்துத் தன் விதையைத் தானே தூவிக்கொள்ளும் தும்பை, சிவபெருமானுக்கு உகந்தது. ஒரு முறை விதைத்தால் ஆண்டுதோறும் வரும். சிறுபூளை பொங்கற் காப்புக்கு வேண்டப்படுவது. அதனையும் ஒரு மூலையில் விட்டுவைக்கலாம். கடற்கரைத் தலங்களில் மணல் பறக்காமல் காக்கக் கபிலர் கூறிய அடும்பினும் சிறந்த கொடி இல்லை. அறுகு பூசைக்கு இன்றியமையாததேயாயினும் மல்லிகைப் பாத்திக்குள் விடுதல் ஆகாது. நீரையும் எருவையும் அது பகிர்ந்துகொள்ளும். கல் வரம்பிட்ட தனிப் பாத்தியே அதற்கு உரிய இடம்.

நீருக்கு வழி யாது என்று கேட்பர். திருமஞ்சன நீர் நந்தவனத்துக்குச் சென்று சேருமாறு பல பழைய கோயில்களில் கல் வாய்க்கால் அமைத்திருந்தனர். திருப்பணிக்காலத்தில் புதுத் தளம் பதிக்கும்போது அவ்வாய்க்காலை அடைத்துவிட்டுச் சாக்கடையில் நீரைச் சேர்ப்பதைப் பல இடங்களில் காண்கின்றோம். பாலும் எண்ணெயும் கலந்த நீர் நேரே செடியின் வேரில் பட்டால் மண் பிசுக்கேறி இறுகும். முதலில் ஒரு மணல் தொட்டியில் விட்டு, வடிந்தபின் பாய்ச்சினால் அக்குறை இல்லை. சார்த்திக் களைந்த மாலைகளை நார் நீக்கி மண்ணோடு கலந்து மக்க வைத்தால் அதுவே எருவாகும். நேற்று பெருமான் தோளில் இருந்த மல்லிகை, அடுத்த பங்குனியில் மீண்டும் மல்லிகையாகும்.

கும்பாபிஷேக ஆண்டிலேயே நந்தவனப் பணியைத் தொடங்குவதாயின், முதலில் நடவேண்டியவை மரங்களே. வில்வமும், புன்னையும், மகிழும், கொன்றையும் மெல்ல வளர்வன. அவற்றை வடக்கிலும் மேற்கிலும் மதிலை ஒட்டி நட்டால், காலை வெயில் கொடிகளுக்குத் தடையின்றிக் கிடைக்கும்; மாலை வெயிலின் கடுமை குறையும். வேர் மதிலைப் பெயர்க்காதபடி பன்னிரண்டு அடியேனும் தள்ளி நடுதல் நன்று. அடுத்துப் பாத்தி ஓரங்களில் நந்தியாவட்டையும் அரளியும். பின்னர் ஆனி முதல் கார்த்திகைக்குள் ஓரடிக் குழிகளில் நான்கு அடிக்கு ஒன்றாக மல்லிகைப் பதியன்கள். மழை தொடங்கியதும் தரைக்குத் தும்பையும் விஷ்ணுகிரந்தியும். தாமரைக்கும் செங்கழுநீருக்கும் சிறு தொட்டி ஒன்று போதும். செடிகளுக்கு ஆகும் செலவு சிறிதே. நீர் விடவும் களை பறிக்கவும் பூக்கொய்யவும் ஒருவரை ஆண்டு முழுதும் வைத்திருப்பதற்கான வைப்புநிதியே பெரிது. கல்வெட்டுகள் கூறும் திருநந்தவனப்புறம் அதுதான். இன்று நடும் மகிழங்கன்று அடுத்த கும்பாபிஷேகத்துக்குள் பூக்கத் தொடங்கியிருக்கும். அன்று யாகசாலைக்கு மாலை தொடுப்போர் அதன் அடியிலேயே அமர்ந்து தொடுக்கலாம்.